ஸ்டூவர்ட் டாங்கியின் உடற்கூடும் சஸ்பென்ஷனும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் எம்3 ஸ்டூவர்ட் இலகு டாங்கி ஒன்றைச் சீரமைத்த தன்னார்வலர் குழுவில் நான் சில ஆண்டுகள் வேலை செய்தேன். அமெரிக்காவின் பெர்விக் நகரில் 1941 முதல் தயாரான இந்த வண்டியின் உடற்கூடு, சஸ்பென்ஷன் (சக்கரங்களைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்பு) ஆகியவை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வண்டி பட்டறைக்கு வந்ததும் முதலில் எதைக் கழற்ற வேண்டும்?

எதையும் கழற்ற வேண்டாம். உள்ளே வெடிமருந்து எஞ்சியிருக்கிறதா என்பதை அதற்குரிய வல்லுநர் பார்த்துச் சொன்ன பிறகே மற்ற வேலை. அக்காலத்து மீட்டர்களின் முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருக்கக்கூடும். அவற்றைச் சுரண்டவோ திறக்கவோ கூடாது. அதன்பின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுத்து, எண் குத்திய தகரத் துண்டைக் கம்பியால் கட்டிவையுங்கள். காகிதச் சீட்டு எண்ணெயில் ஊறி இரண்டே வாரத்தில் கூழாகிவிடும்.

கேள்வி: டாங்கித் தகடு அவ்வளவு கனமாயிற்றே, துரு அதை என்ன செய்துவிடும்?

பக்கவாட்டுக் கவசம் 25 மி.மீ. கனமுள்ளது, அதில் அம்மைத் தழும்பு போல் குழி விழுந்திருந்தாலும் கவலையில்லை. ஆனால் அடித்தளத் தகடு அதில் பாதிதான். மழைநீர், மக்கிய இலை, எஞ்சினிலிருந்து ஒழுகிய எண்ணெய் எல்லாம் கலந்து அங்கே பல பத்தாண்டுகளாகச் சேறாகக் கிடந்திருக்கும். நாங்கள் அந்தச் சேற்றை அள்ளிவிட்டு அடித்தளத்தைச் சிறு சுத்தியலால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தோம். கணீரென்று கேட்டுவந்த ஒலி, எஞ்சின் அறையின் மூலையில் திடீரென்று ‘டொக்’ என்று மாறியது; ஸ்க்ரூடிரைவரை அழுத்தியதும் அதன் முனை மறுபக்கம் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் வண்ணம்கூட உரியவில்லை.

கேள்வி: நான் வெல்டர். பழைய கவசத்தில் போட்ட வெல்டிங் மறுநாளே விரிசல் விடுகிறது. ஏன்?

கவச எஃகு சட்டென்று குளிர்ந்தால் வெல்டிங்கின் ஓரம் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. ஈரமான வெல்டிங் ராடிலிருந்து ஹைட்ரஜனும் உள்ளே புகுந்தால் பல மணி நேரம் கழித்துக்கூட வெடிப்பு தோன்றும். ராடை அடுப்பில் உலர்த்தி, தகட்டை முன்கூட்டியே சூடாக்கி, வேலை முடிந்ததும் போர்வை போட்டு மெல்ல ஆறவிடுங்கள்.

கேள்வி: ரிவெட்டுகளுக்குப் பதில் போல்ட் போடலாமா?

தொடக்கக்கால எம்3 முழுவதும் ரிவெட், அதாவது தலை தட்டி இறுக்கிய ஆணி, வைத்த வண்டி. வெளியே குண்டு பட்டால் ரிவெட்டே உள்ளே தெறித்து ஆட்களைக் காயப்படுத்தியதால்தான் பின்னர் வெல்டிங்குக்கு மாறினார்கள். இன்று போருக்குப் போகாத வண்டிக்கு உருண்டைத் தலை போல்ட் போதும் என்பார்கள். வெளியில் தெரியாத இடத்தில் நானும் அதற்கு உடன்படுவேன். முகப்பில் மட்டும் சூடாக அடித்த ரிவெட்டையே வையுங்கள். தலையின் சாயல் பொய் சொல்லாது.

கேள்வி: போகியை வீட்டுக் கேரேஜில் பிரிக்கலாமா ஐயா?

போகி என்பது சக்கரங்களையும் ஸ்பிரிங்குகளையும் ஒன்றாகத் தாங்கும் தொகுதி. ஒவ்வொரு பக்கமும் இரண்டு போகி, ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் கைகள் மேலெழும்போது, செங்குத்தாக நிற்கும் வல்யூட் ஸ்பிரிங்குகளை அழுத்துகின்றன. அகலமான எஃகுப் பட்டையைக் கூம்பாகச் சுருட்டிய வடிவம் அது; அழுத்தினால் சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். போகியை மொத்தமாக போல்ட் கழற்றி இறக்குவது வரை கேரேஜில் செய்யலாம். ஸ்பிரிங்கை விடுவிப்பதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. துருப்பிடித்து இறுகிய ஸ்பிரிங் அமைதியாக இருப்பது போலத் தோன்றினாலும் அழுத்தம் அதற்குள் அப்படியே இருக்கும். வெளியே எடுத்தபின் எல்லா ஸ்பிரிங்குகளின் உயரத்தையும் அளந்து ஒத்துப்பாருங்கள். தளர்ந்தது எது என்று அப்போதே தெரிந்துவிடும். அதை விட்டுவைத்தால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.

கேள்வி: ரப்பர் டிராக்கில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையில்) இறுகிப்போன பின்களுக்கு (இணைப்பு ஊசிகளுக்கு) எண்ணெய் விடலாமா?

கூடாது. அந்த ஊசி சுழல்வது எண்ணெயில் அன்று, அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்வதால்தான் இணைப்பு மடங்குகிறது. எண்ணெய் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். இரு ஓரங்களிலும் உள்ள இணைப்பிகளின் ஆப்பைத் தளர்த்தி, இணைப்பியைத்தான் இழுத்து எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டிய பிறகு பின்புறத்தில் தரையைத் தொட்டு ஓடும் பெரிய ஐட்லர் சக்கரத்தைக் கொண்டு டிராக்கின் இறுக்கத்தைச் சரிசெய்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு எல்லா ஆப்பு நட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள்.

கேள்வி: இந்தியாவுக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1948 நவம்பர் 1 அன்று இந்திய இராணுவத்தின் 7-ஆவது லைட் கேவல்ரி படைப்பிரிவின் ஸ்டூவர்ட்டுகள் காஷ்மீரின் சோஜிலா கணவாயைக் கடந்தன. கோவேறு கழுதை போகும் அந்தப் பாதையை டாங்கி ஏறுமளவுக்கு அகலப்படுத்தியவர்கள் இராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்கள். அவ்வளவு உயரத்திலும் குளிரிலும் இந்தச் சஸ்பென்ஷன் தாங்கியிருக்கிறது என்பதைக் குழுவில் யாராவது சலித்துக்கொள்ளும்போது நான் நினைவுபடுத்துவதுண்டு.

கேள்வி: பழைய வண்ணத்தை மணல் பிளாஸ்டிங்கில் ஒரேயடியாக எடுத்துவிடலாமா?

முதலில் உள்ளங்கை அளவு இடத்தை நீர் விட்டு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அடுக்கடுக்காகத் தெரியும் நிறங்களையும் எண்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். வண்டி எந்தெந்தக் கை மாறியது என்பதற்கு அதுவே சாட்சி. ஆற்றுமணல் வேண்டாம், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட் துகளைப் பயன்படுத்துங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்பதால் முழு முகமூடி கட்டாயம். பிளாஸ்டிங் முடிந்த தகட்டில் வெறுங்கை படாமல், அன்று பொழுது சாய்வதற்குள் பிரைமர் அடித்துவிடுங்கள்.