மலச்சிக்கலுக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: என் வயது 47. பல ஆண்டுகளாக மலச்சிக்கலால் அவதிப்படுகிறேன். முக்கினால்தான் மலம் வரும். ஓராண்டாக, இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. சில நாள்களில் கழிப்பறைக்குப் போவதற்குள் ஆடை நனைந்துவிடுகிறது. பயந்துபோய் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். இரண்டும் ஒரே கோளாறா?

பதில்: இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, சகோதரி. மலக்குடலும் சிறுநீர்ப்பையும் இடுப்புக்கூட்டின் குறுகிய இடத்தில் அருகருகே இருப்பவை. கீழே அவற்றைத் தாங்குவது இடுப்புத்தளத் தசைகள். இரண்டையும் ஆளும் நரம்புகளும் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இறுகிய மலம் தேங்கி மலக்குடல் உப்பும்போது சிறுநீர்ப்பை நசுங்குவதால், சிறிதளவு சிறுநீர் சேர்ந்ததுமே அவசர உணர்வு எழுகிறது. சிலருக்கு முழுவதும் கழிக்க முடியாமல் மீதமும் தங்கிவிடுகிறது. அன்றாடம் முக்குவதால் அந்தத் தசைகளும் நரம்புகளும் இழுபட்டுத் தளர்கின்றன. தளர்ந்த தசையால் இருமலின் அழுத்தத்தைத் தாங்க இயலாது.

தண்ணீரைக் குறைத்ததை மட்டும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் மலம் மேலும் இறுகும். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டவும் செய்யும். இதயம், சிறுநீரகம் தொடர்பான கட்டுப்பாடு இல்லையென்றால், நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பருகலாம். நார்ச்சத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே சுருங்கும் என்பதால், அந்த நேரத்தில் உணர்வு வந்தால் தள்ளிப்போடாமல் செல்லுங்கள். மேலைநாட்டுக் கழிப்பறையானால் பாதங்களுக்கு அடியில் சிறு முக்காலி வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்க முன்னே சாய்ந்து, வயிற்றைத் தளர்த்தி மூச்சை அடக்காமல் அமருங்கள்.

வாயுவை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசைகளை மேல்நோக்கி இறுக்கித் தளர்த்தும் பயிற்சி பலருக்குப் பலன் தரும். குறைந்தது மூன்று மாதங்கள் தொடர வேண்டும். ஆனால் சிலருக்கு மலம் கழிக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்வதே கோளாறு. அவர்கள் முதலில் தளர்த்தப் பழக வேண்டும். ஆகவே இயன்முறை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

மருத்துவரிடம் சிறுநீர்க் கசிவை மட்டும் சொல்லிவிட்டு மலச்சிக்கலை மறைத்துவிடாதீர்கள். அவசர உணர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளே மலத்தை இறுக்கக்கூடியவை. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு இருந்தால் தாமதிக்க வேண்டாம். தொடைகளின் உட்புறமோ ஆசனவாயைச் சுற்றியோ திடீரென மரத்துப்போனாலும், சிறுநீர் வராமல் நின்றாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.