முன்பதிவு செய்த கேம் வரவில்லை, பணமாவது திரும்புமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஹாரோவில் இருக்கிறேன். குறைந்த எண்ணிக்கையில் மட்டும் டிஸ்க்காகவும் கார்ட்ரிட்ஜாகவும் வெளிவரும் வீடியோ கேம்களைச் சேகரிக்கிறேன். இங்கிலாந்திலேயே பதிவான ஒரு சிறு வெளியீட்டாளரிடம் மூன்று ஆர்டர்கள் நிலுவையில் இருக்கின்றன.

2024 மார்ச்சில் 139.99 பவுண்டுக்கு ஒரு கலெக்டர்ஸ் எடிஷன் வாங்கினேன். தபால் செலவு 6.50. அவர்கள் தளத்திலேயே கிரெடிட் கார்டில் கட்டினேன். '2024 நான்காம் காலாண்டில் அனுப்பப்படும் என மதிப்பிடுகிறோம்' என்றிருந்தது. அடுத்து 2024 ஆகஸ்ட் 20 அன்று 34.99 பவுண்ட் வீதம் இரண்டு ஸ்விட்ச் கேம்கள். பேபால் வழியாக, அதன் பின்னால் டெபிட் கார்டு. முதலில் 2025 ஜூன் என்றார்கள். பிறகு 2025 நவம்பர் என்று பொது மின்னஞ்சல் வந்தது. மூன்றாவது 2025 ஜூனில் 39.99 பவுண்டுக்கு ஒரு பிஎஸ்5 கேம், நேரடியாக டெபிட் கார்டில். அதை நவம்பர் 24 அன்று அவர்களே ரத்து செய்து, பணத்துக்குப் பதில் பத்து சதவீதம் கூட்டி ஸ்டோர் கிரெடிட், அதாவது அவர்கள் கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய தொகை, தருவதாக எழுதினார்கள்.

இப்போது எந்த மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. ஆனால் தளத்தில் புதிய முன்பதிவுகள் மட்டும் திறந்துகொண்டே இருக்கின்றன. 'முன்பதிவுப் பணம் திரும்பத் தரப்படாது' என்பது அவர்கள் நிபந்தனைகளில் இருக்கிறது. இது ஜனவரி 2026. பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். மூன்று ஆர்டர்களையும் ஒரே புகாராக எழுதவும் வேண்டாம். பணம் போன வழி மூன்றிலும் வேறு. அதனால் திரும்பி வரும் வழியும் கெடுவும் வேறு. தொகை பெரியது என்பதால் கலெக்டர்ஸ் எடிஷன்தான் உங்களை உறுத்தும். அவசரம் இருப்பது அதில் இல்லை, பேபால் ஆர்டரில்.

பேபாலின் சொந்தப் பாதுகாப்புக்குக் கெடு, பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். பொருள் எப்போது வர வேண்டும் என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. உங்கள் ஆர்டருக்கு அது 2025 பிப்ரவரி 16-லேயே முடிந்துவிட்டது. அப்போது கேம் வரவேண்டிய மாதமே வந்திருக்கவில்லை. பத்து மாதம், ஒரு வருடம் கழித்து அனுப்பும் வியாபாரத்தில் பேபால் பாதுகாப்பு பெரும்பாலும் இப்படித்தான் கையைவிட்டுப் போகிறது. மிச்சமிருப்பது பின்னால் உள்ள டெபிட் கார்டின் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பெற்றுத் தரும்படி வங்கியைக் கேட்பது. இது சட்டம் தரும் உரிமை இல்லை. விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் விதி. பொருள் வருவதாகக் கடைசியாகச் சொன்ன தேதியிலிருந்து 120 நாள் வரை கேட்கலாம். நவம்பர் 30 என்று கொண்டால் மார்ச் 30 வரை இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதற்கு மேல் இன்னொரு வரம்பு உண்டு: பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து 540 நாள். தேதி எத்தனை முறை தள்ளிப்போனாலும் இந்த 540 நகராது. 2024 ஆகஸ்ட் 20-லிருந்து எண்ணினால் அது பிப்ரவரி 11, 2026. வங்கிக்கும் சில நாள் வேலை இருக்கும் என்பதால் இந்த வாரமே கேளுங்கள்.

கேட்கும்போது ஆர்டர் உறுதி மின்னஞ்சல், ஜூன் என்றும் நவம்பர் என்றும் சொன்ன இரண்டு மின்னஞ்சல்கள், நீங்கள் எழுதிப் பதில் வராத கடிதங்கள், வெளியீட்டாளரின் பெயர் தெரியும் பேபால் பரிவர்த்தனைப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பக்கம் முக்கியம். வங்கி அறிக்கையில் பேபால் பெயர்தான் முன்னால் நிற்கும். 'பேபால் தன் சேவையைச் செய்துவிட்டதே' என்று சொல்லி மறுப்பவர்கள் உண்டு.

மூன்றாவது ஆர்டர் எளிது. தர மாட்டோம் என்று அவர்களே எழுத்தில் சொல்லிவிட்டார்கள். நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015-ன் 28-ஆவது பிரிவின்படி, விற்பவர் பொருளைத் தர மறுத்தால் கூடுதல் அவகாசம் தராமலேயே ஒப்பந்தம் முடிந்ததாக நீங்கள் அறிவிக்கலாம். கட்டிய முழுப் பணத்தையும் தாமதமில்லாமல் அவர்கள் தந்தாக வேண்டும். ஸ்டோர் கிரெடிட்டை ஏற்க எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த மின்னஞ்சலில் உள்ள 'ஏற்கிறேன்' பொத்தானை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் புது ஏற்பாட்டுக்குச் சம்மதித்ததாக ஆகும். அந்தக் கடை மூடும் நாளில் கிரெடிட்டுக்கு எதுவும் வாங்க முடியாது. 'ஸ்டோர் கிரெடிட்டை ஏற்கவில்லை, கட்டிய கார்டுக்கே பணத்தைத் திருப்புங்கள்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள். வராது என்று தெரிந்த நவம்பர் 24-லிருந்து 120 நாள் மார்ச் 24 வரை. கிரெடிட் ஏற்கெனவே உங்கள் கணக்கில் ஏறியிருந்தாலும் அதைச் செலவழிக்க வேண்டாம்.

இனி கலெக்டர்ஸ் எடிஷன். 540 நாள் கடந்த செப்டம்பரிலேயே தாண்டிவிட்டதால் சார்ஜ்பேக் இல்லை. வங்கியைத் தொலைபேசியில் அழைத்தால் அதைச் சொல்லித்தான் வைத்துவிடுவார்கள். ஆனால் உங்களிடம் அதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது: நுகர்வோர் கடன் சட்டம் 1974-ன் 75-ஆவது பிரிவு. ஒரு பொருளின் ரொக்க விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், விற்றவரின் ஒப்பந்த மீறலுக்குக் கார்டு தந்த வங்கியும் அதே அளவு பொறுப்பு. 100 பவுண்ட் என்பது தனிப் பொருளின் விலைக்கான கணக்கு, கூடையின் மொத்தத்துக்கு அல்ல. 35 பவுண்ட் கேம் நான்கு வாங்கினால் பிரிவு பொருந்தாது. பெட்டி, கலைப் புத்தகம், இசைத்தட்டு எல்லாம் சேர்த்து 139.99 என்று ஒரே விலை போட்டு விற்றதால் உங்களுக்குப் பொருந்துகிறது.

இதை எழுத்தில் கேளுங்கள். '75-ஆவது பிரிவின்படி கோரிக்கை' என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ்பேக் மேசைக்கே போகும். 'முதலில் கடைக்காரரிடம் முயன்றுவிட்டு வாருங்கள்' என்று பதில் வரக்கூடும். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. வங்கியை நேரடியாகக் கேட்கலாம். காரணத்தை 'பொருள் தராததால் ஒப்பந்த மீறல்' என்று எழுதுங்கள். 'மனம் மாறி ரத்து செய்தேன்' என்று எழுதிவிடாதீர்கள். பிரிவு பேசுவது மீறலையும் பொய்யான விவரத்தையும் பற்றி மட்டுமே. வழக்குக்கான காலவரம்பு இங்கிலாந்தில் மீறலிலிருந்து ஆறு ஆண்டு. ஆகவே 2030 இறுதிவரை வழி இருக்கிறது. ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். சான்றுகள் இருக்கும் தளமே நாளை இல்லாமல் போகலாம். தளத்தின் பொருள் பக்கம், நிபந்தனைகள், ஆர்டர் வரலாறு மூன்றையும் இன்றே பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள்.

வங்கியைக் கேட்க அது நிபந்தனை இல்லை என்றாலும், மீறலை உறுதியாக்க, வங்கிக்கு எழுதுவதற்கு முன் வெளியீட்டாளருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். 28-ஆவது பிரிவு தரும் வழி இது: நியாயமான கூடுதல் கெடு ஒன்றைக் குறித்துப் பொருளைக் கேட்பது, அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாக அறிவிப்பது. ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பொருளுக்கு 14 நாள் போதும். ஆர்டர் எண், கட்டிய 146.49 பவுண்ட், முதலில் சொன்ன காலாண்டு, கெடு முடியும் தேதி, அந்தத் தேதியில் ஒப்பந்தம் முடிந்து முழுப் பணமும் கேட்கப்படும் என்ற வாக்கியம். இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். மின்னஞ்சலோடு, பதிவு அலுவலக முகவரிக்குத் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

'அது மதிப்பீடுதானே, வாக்குறுதி இல்லையே' என்று அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். அந்தக் காலாண்டை ஒப்புக்கொண்ட தேதி என்று எடுத்தால் அது கடந்து ஒரு வருடம் ஆகிறது. ஒப்புக்கொண்ட தேதியே இல்லை என்று எடுத்தால் 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எப்படிப் பார்த்தாலும் அவர்கள் தவறியிருக்கிறார்கள். தாமதம் பற்றி எல்லோருக்கும் அனுப்பும் பொது மின்னஞ்சலுக்கு நீங்கள் பேசாமல் இருந்தது புதிய தேதிக்குச் சம்மதம் ஆகாது. 'காத்திருக்கச் சம்மதம்' என்று பதில் எழுதியிருந்தால் மட்டும் அந்தத் தேதி கணக்கில் வரும்.

அதே பதிப்பு வேறு சிலருக்குப் போய்ச் சேர்ந்து, மறுவிற்பனையில் கூடுதல் விலைக்குப் போகிறது என்றால், கட்டிய பணத்தோடு அந்த விலை வித்தியாசத்தையும் நஷ்டமாகக் கேட்க வழி உண்டு. கேட்கும் விலையைக் காட்டினால் எடுபடாது. உண்மையில் விற்று முடிந்த விலைகளின் பக்கங்கள் வேண்டும்.

'முன்பதிவுப் பணம் திரும்பத் தரப்படாது' என்ற வரி உங்களைக் கட்டாது. தொலைவிலிருந்து வாங்கும் பொருளுக்கு, நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகள் 2013-ன்படி, ஆர்டர் செய்த நாளிலிருந்து பொருள் கைக்கு வந்து 14 நாள் ஆகும்வரை காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். வராத பொருளுக்கு அந்தக் காலம் இன்னும் முடியவே இல்லை. வாங்குபவர் சொன்ன அளவுக்கென்றே செய்த பொருளுக்கு விலக்கு உண்டு; 3,000 பிரதி மட்டும் அச்சிடுவது உங்களுக்கென்று தனியாகச் செய்தது ஆகாது. பேபால் ஆர்டருக்கு இந்த ரத்துக் கடிதத்தையும் கூடவே அனுப்புங்கள். பணம் நீங்கள் கட்டிய அதே வழியில்தான் திரும்ப வேண்டும் என்பதும் அந்த விதிமுறையில் இருக்கிறது.

பணமே இல்லாத நிறுவனத்திடம் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை என்பதால், இந்த வியாபாரத்தில் பணம் எங்கே சிக்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜையும் பிளேஸ்டேஷன் டிஸ்க்கையும் நினைத்த ஆலையில் அடிக்க முடியாது. நிண்டெண்டோவும் சோனியும் ஒப்புக்கொண்ட வழியில்தான் போக வேண்டும். குறைந்தபட்ச எண்ணிக்கை, முன்பணம், அட்டைப்பட ஒப்புதல், வயதுத் தரச்சான்று எல்லாம் அதற்கு முன்னால். கலெக்டர்ஸ் எடிஷனில் கலைப் புத்தகம் ஓர் இடம், பொம்மை ஓர் இடம், இசைத்தட்டு ஓர் இடம். கடைசியாக வரும் துண்டு வந்தால்தான் பெட்டி மூடும். நீங்கள் கட்டிய பணத்தை அதுவரை தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆகவே நெருக்கடியில் உள்ள வெளியீட்டாளர், இன்று திறந்த முன்பதிவின் பணத்தில் போன வருட கேமுக்கான ஆலைப் பாக்கியைக் கட்டுகிறார். புது ஆர்டர் குறைந்த மாதத்தில் பழையது அப்படியே நின்றுபோகிறது. பதில் எழுத ஆளில்லாதபோதும் புது முன்பதிவுகள் மட்டும் தொடர்வது இதன் அடையாளம். அவற்றில் ஒன்றைக்கூட வாங்காதீர்கள்.

நிறுவனங்களின் அரசுப் பதிவேடான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் அந்த நிறுவனத்தை இலவசமாகத் தேடிப் பாருங்கள். கணக்குத் தாக்கல் கெடு தாண்டியிருக்கிறதா, சொத்து மேல் அடமானப் பதிவு இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கும் முன்மொழிவு இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கும் அறிவிப்பு கெசட் என்ற அரசிதழில் வந்தால் இரண்டு மாதத்துக்குப் பிறகு நிறுவனம் சட்டப்படி இல்லாமல் போகும், மிச்சச் சொத்து அரசுக்குச் சேரும். பாக்கி வரவேண்டியவர் என்ற முறையில் அதற்கு ஆன்லைனிலேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆர்டர் உறுதியையும் கடிதத்தையும் இணைத்தால் போதும்.

திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் முன்பணம் கட்டியவர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர் ஆகிறார். அடமானம் வைத்திருப்பவர், நடவடிக்கைச் செலவு, ஊழியர் சம்பளப் பாக்கி, 2020 டிசம்பரிலிருந்து சில வரிப் பாக்கிகள், இவற்றுக்குப் பின்னால்தான் உங்கள் முறை. திவால் நடவடிக்கையை நடத்தும் நிர்வாகியிடம் கோரிக்கைப் படிவம் கொடுத்து வைக்கலாம், பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 75-ஆவது பிரிவு அப்போதும் நிற்கும். கடை மூடினாலும் வங்கியின் பொறுப்பு மூடுவதில்லை.

வங்கி மறுத்தால் அதையே புகாராகப் பதியுங்கள். எட்டு வாரத்தில் இறுதிப் பதில் தர வேண்டும். அது சாதகமாக இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள், வங்கிகள் மீதான புகார்களைத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணமில்லை. சார்ஜ்பேக் தோற்று நிறுவனம் இன்னும் இயங்கினால் ஆன்லைன் சிறு வழக்கு இருக்கிறது. 300 பவுண்டுக்குள் கேட்க 35 பவுண்ட் கட்டணம். அதற்கு முன் 14 நாள் கெடுவுடன் வழக்கு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். தீர்ப்பு வாங்குவது சுலபம், வசூலிப்பதுதான் கடினம். அதனால் இதைக் கடைசிக்கு வையுங்கள்.

நீங்கள் சேகரிப்பவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பெட்டி ஒருவேளை வந்துவிட்டால், சீல் உடைக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் உரிமைக்கு 30 நாள்தான். நீங்கள் திறந்து பார்த்தீர்களா என்று அது காத்திருக்காது. கார்ட்ரிட்ஜில் முழு கேமும் இருக்கிறதா, பதிவிறக்கம் தேவையா, எண்ணிட்ட சான்றிதழ் உண்டா, சொன்ன பொருட்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024-ல் அமெரிக்காவின் லிமிட்டெட் ரன் கேம்ஸ் என்ற வெளியீட்டாளர், 3டிஓ என்ற பழைய கன்சோலுக்கான ஒரு கேமை ஆலையில் அச்சிட்ட டிஸ்க்குக்குப் பதில், கணினியில் எழுதும் வெற்று டிஸ்க்கான சிடி-ஆரில் அனுப்பியது. திறந்து பார்த்தவர்களால்தான் அது வெளியே வந்தது. சீலை உடைத்தால் மனம் மாறித் திருப்பும் 14 நாள் உரிமை போகும். குறையுள்ள பொருளைத் திருப்பும் உரிமை போகாது.

பணம் திரும்பிய பிறகு பெட்டி வந்து சேர்ந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. வெளியீட்டாளருக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் செலவில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டிதான் வேண்டும் என்றால் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாம்.