சரோஜினி நகரில் வாங்கினால் பழைய துணிக் கணக்கில் சேருமா?

கேள்வி: மதுரையிலிருந்து வேலைக்காக டெல்லி வந்து ஆர்.கே.புரத்தில் தோழிகளோடு தங்கியிருக்கிறேன். புதுத்துணி வாங்குவதைக் குறைத்து, பிறர் உடுத்திய துணியை வாங்குகிற த்ரிஃப்ட் பக்கம் போகலாம் என்று ஆசை. எல்லோரும் மலிவுத் துணிச் சந்தையான சரோஜினி நகருக்குத்தான் இழுக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது, எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் சரோஜினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி யாரும் உடுத்திய துணி இல்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது, தரச் சோதனையில் கழிந்தது, ஆர்டர் ரத்தாகி நின்றுபோனது. கழுத்தில் இருக்கும் லேபிளைப் பாதியாக வெட்டியோ, மேலே மார்க்கரால் கோடு போட்டோ இருந்தால் அநேகமாக அந்த ரகம். வீணாகப் போகவிருந்ததை எடுத்து உடுத்துகிறோம் என்ற வகையில் நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே கடையில் மலிவு விலைக்கென்றே தைத்த புதுச்சரக்கும் பக்கத்திலேயே தொங்கும், குளிர்காலக் கோட்டுக் குவியல்களில் உடுத்திக் கழித்ததும் கலந்திருக்கும், எது எது என்று யாரும் உங்களுக்குப் பிரித்துச் சொல்லப் போவதில்லை. நூறு ரூபாய்தானே என்று ஆறு டாப் அள்ளி வந்து இரண்டை மட்டும் உடுத்தினால் அது சிக்கனமும் இல்லை, சுற்றுச்சூழலுக்கு நல்லதும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கவிருந்த இடத்தில் பழையதை வாங்கினால்தான் ஏதாவது மிச்சம்.

டெல்லியின் அசல் பழைய துணிச் சந்தை மேற்கே ரகுபீர் நகரில் இருக்கும் கோடா மண்டி. நம்மூரில் பழைய பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பார்களே, அந்தத் தொழிலை இங்கே குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். பகலில் காலனி காலனியாக நடந்து பாத்திரத்துக்குத் துணி மாற்றி, விடிவதற்கு முன்பே மண்டியில் விற்றுவிடுவார்கள். வாங்கிச் சீர்செய்து மறுபடி விற்கிற வியாபாரிகளுக்கான இடம் அது, அதனால் முதல் தடவையே அங்கே போய்த் திணற வேண்டாம். என்றைக்காவது போனால் அந்தப் பெண்களிடம் பத்து ரூபாய்க்காக மல்லுக்கட்டாதீர்கள், அவர்கள் கையில் நிற்கும் லாபம் ரொம்பச் சின்னது.

நீங்கள் ஆரம்பிக்க வேண்டியது குளிர்கால உடையில். கனத்த கோட்டு டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரைக்கும்தான் வேண்டும், மிச்ச மாதமெல்லாம் பெட்டியில்தான் கிடக்கும். அதைப் புதிதாக வாங்க என்ன அவசியம்? உங்கள் பேட்டையிலேயே வழி இருக்கிறது. ஆர்.கே.புரம் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற தமிழ்க் குடும்பங்கள் ஸ்வெட்டரையும் கோட்டையும் அங்கே கொண்டுபோய் என்ன செய்வார்கள்? குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள், மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கிற மாமிகளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தயங்க வேண்டாம், நல்ல கம்பளித் துணியைக் குப்பையில் போட மனசு வராமல் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர்.

கைக்கு வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். அக்குள், காலர் மடிப்பு, தொடையிடுக்கு, பாக்கெட் ஓரம், இந்த நாலு இடத்தில்தான் துணி முதலில் நைந்துபோகும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்துப்பூச்சி அரித்த பொடி ஓட்டைகள் தெரிந்துவிடும். ஜிப்பை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள், பாதியில் சிக்குவது பிறகு தானாகச் சரியாகாது. கம்பளி என்று சொல்லி அக்ரிலிக் என்கிற செயற்கை இழையைத் தந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி: வாங்கியபின் உள் விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளியும் பட்டும் தலைமுடி கருகின வாடை அடித்துப் பொடியாகும், பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும், பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் அப்புறம் விரலால் தடவியே ஓரளவு சொல்லிவிடலாம்.

சைஸ் நம்பரை நம்பாதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கிற ஒரு சட்டையின் தோள், மார்பு, நீளம் மூன்றையும் அளந்து போனில் குறித்துக்கொண்டு, பையில் ஒரு டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். குர்த்தி என்றால் உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் பிரித்துவிட முடியுமா என்று தெரியும். சின்ன ஓட்டை இருந்தாலும் நல்ல கம்பளியைத் தள்ளிவிடாதீர்கள். டெல்லியில் ரஃபு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தத் துணியிலிருந்தே நூல் உருவி ஊடும் பாவுமாகக் கோத்து ஓட்டையை மூடிவிடுவார்கள், தேடினால்தான் இடம் தெரியும். உள்ளாடை வேண்டவே வேண்டாம். ஷூவும் யோசித்து வாங்குங்கள், பாலியூரித்தேன் சோல் உபயோகிக்காமல் வைத்திருந்தாலே ஈரக்காற்றில் பொடிந்துபோகும், பார்க்கப் புதுசாக இருந்தாலும் போட்டு நடந்தால் பிய்ந்துவிடும்.

கேள்வி: "யார் போட்டதோ, செத்தவங்க துணியா இருந்தா என்ன பண்ணுவே?" என்று அம்மா போனில் திட்டுகிறார். தோல்நோய் வரும் என்றும் பயம். உண்மையா?

பதில்: இறந்தவர் துணி என்ற மனக்குறை அம்மாவுக்கு இருந்தால் வாதாட வேண்டாம். தெரிந்த குடும்பங்களிலிருந்து, யாருடையது என்று கேட்டு வாங்கி அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கும் நிம்மதி. அத்தை மகள் பாவாடையை அடுத்தவள் உடுத்தி வளர்ந்த வீடுகள்தானே நம்முடையவை.

தோல் விஷயம் வேறு, அதில் அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. பருத்தி, பாலியெஸ்டரை நல்ல சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டு, தையல் ஓரங்களில் சூடாக இஸ்திரி போடுங்கள். சுடுநீர் தாங்காத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டு ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். மூட்டைப்பூச்சி மட்டும் இப்படிப் பையில் கட்டி வைப்பதற்கு மசியாது, சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். தையல் மடிப்பில் கரும்புள்ளிகள் கண்டால் எவ்வளவு அழகான கோட்டானாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு த்ரிஃப்ட் பக்கத்தில் ஜாக்கெட் வாங்கினேன். முதுகில் கிழிசல். படத்தில் அது தெரியவில்லை. கேட்டால் "நோ ரிட்டர்ன் என்று போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். பில்லும் இல்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். பில்லில் கால அளவு போட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். கிழிசலை முன்கூட்டியே சொல்லி விற்றிருந்தால் உங்கள் பக்கம் வாதம் இல்லை. தன் அலமாரியைக் காலி செய்ய ஒன்றிரண்டு விற்கிற தனி ஆளாக இருந்தாலும் இந்தச் சட்டத்தில் பிடிப்பது கஷ்டம். தொடர்ந்து விற்கிற பக்கம் என்றால் அவர் வியாபாரிதான்.

அந்தப் பதிவு, உரையாடல், யுபிஐ ரசீது எல்லாவற்றையும் அவர்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். அடுத்த தடவை பணம் அனுப்புமுன் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் காட்டி ஒரு வீடியோ கேளுங்கள், பார்சலைப் பிரிக்கும்போதும் வீடியோ எடுத்துவையுங்கள்.

கேள்வி: பனியன் அட்டையில் "மூங்கில் துணி, பூமிக்கு நண்பன்" என்று இருக்கிறது. நம்பலாமா?

பதில்: மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பாலானது ரேயான்தான். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக இழுத்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, பசுமை, சூழலுக்கு உகந்தது என்று பொத்தாம்பொதுவாகப் போட முடியாது, ஆதாரம் காட்ட வேண்டும். அட்டையில் அந்த விவரம் இல்லையென்றால் கடையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பச்சை இலைப் படத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காமல் சாதாரணப் பருத்தி பனியனை வாங்கிக்கொள்ளுங்கள்.