இசைத்தட்டில் எழும் முழக்கம்: ரப்பர் கால்கள் வாங்கலாமா?

கேள்வி: பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (இசைத்தட்டைப் பெல்ட்டால் சுழற்றி இசைக்கும் கருவி) ஒன்றை வாங்கி, வரவேற்பறையில் உள்ள மர ஷோகேஸின் மேல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே வைத்திருக்கிறேன். ஒலியைக் கூட்டினால் ‘ஊம்’ என்ற முழக்கம் எழுந்து பாட்டையே அமுக்கிவிடுகிறது. அதிர்வைத் தடுக்கும் நான்கு ரப்பர் கால்களை 6,000 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முழக்கம் எந்த வழியாக வருகிறது என்பதைச் செலவில்லாமலே கண்டுபிடிக்கலாம். மோட்டாரை நிறுத்தி, அசையாத பழைய இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கி, ஒலியை வழக்கமான அளவுக்கு மெதுவாகக் கூட்டிய பின், ஷோகேஸை விரலால் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று கேட்டாலோ முழக்கம் தானே வளரத் தொடங்கினாலோ, உடனே ஒலியைக் குறைத்துவிடுங்கள், குற்றவாளி ஷோகேஸ்தான். ஊசியைத் தூக்கிய பிறகும் ஒரே சீரான ரீங்காரம் கேட்டால் அது அதிர்வே அன்று. டர்ன்டேபிளின் எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபையரில் சரியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இசைத்தட்டுப் பள்ளத்தின் நெளிவுக்கும் பலகையின் நடுக்கத்துக்கும் ஊசிக்கு வேறுபாடு தெரியாது. இசைத்தட்டில் அடித்தொனிகளைக் குறைத்தே பதிவு செய்கிறார்கள் என்பதால், 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 முறை) அளவிலான தாழ்ந்த அதிர்வை, நடுத்தொனியோடு ஒப்பிட, ஊசி தரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் ஏறத்தாழ பத்து மடங்கு உயர்த்துகிறது. ஸ்பீக்கரும் அதே பலகையில் நின்றால், அதன் அதிர்வு ஊசிக்குத் திரும்பி, மீண்டும் பெருகி ஒலிக்கிறது. ஆகவே ஸ்பீக்கர்களைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அதிலேயே தீரும் என்று நம்புகிறேன். தட்டு சுழலும்போது பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வையுங்கள். அது பறையின் தோல்போல ஒலியை வாங்கி அதிர்கிறது.

ரப்பரைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. சுமையைத் தாங்கும் ரப்பருக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக அதிரும் வேகம்) இருக்கிறது, அதைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே அது தடுக்கும், அந்த அதிர்வெண்ணை ஒட்டியவற்றையோ பெருக்கிவிடும். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மும், அதன் நுனியில் ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜும் சேர்ந்து அதிரும் இடம் பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை இருக்குமாறு அமைக்கப்படுகிறது. ரப்பரும் அங்கேயே அதிர்ந்தால் நிலைமை மோசமாகும். எடைக்குப் பொருந்தாத கால்களால் பயனில்லை என்பது இதனால்தான். எட்கர் வில்ச்சூர் வடிவமைத்து 1961-இல் வெளிவந்த ஏஆர் (அகூஸ்டிக் ரிசர்ச்) நிறுவன டர்ன்டேபிளைப்போல உள்ளே ஸ்பிரிங் தொங்கல் கொண்ட வகையானால், அடியில் மேலும் மெத்தை வேண்டாம். இலேசான, விறைப்பான பலகையே போதும்.

ஸ்பீக்கரை மாற்றிய பிறகும் தட்டினால் ‘தொம்’ கேட்டால், கல் கடையில் கடப்பா கல் துண்டு ஒன்றை வாங்கி, அடியில் ரப்பர் வைத்து, அதன்மேல் டர்ன்டேபிளை ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். கல்லின் எடை கூடுவதால் ரப்பரின் இயல்பு அதிர்வெண் தாழ்கிறது. அதற்கும் அடங்கவில்லையென்றால் மட்டும், எத்தனை கிலோ எடைக்கானவை என்று குறிக்கப்பட்ட கால்களை, பயனில்லையெனில் திருப்பி எடுத்துக்கொள்வதாக ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, பணம் கொடுங்கள்.