காற்றின் வெப்பத்தில் மின்சாரம்: கோத்தகிரி விடுதிக்கு வாங்கலாமா?

வணக்கம். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை மட்டும் உறிஞ்சி இரவும் பகலும் மின்சாரம் தரும் கருவி என்று ஒருவர் விற்க வந்திருக்கிறார், முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள்.

காற்றில் வெப்பம் கொட்டிக் கிடப்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து வேலை வாங்க, அதைவிடக் குளிர்ந்த இன்னோர் இடம் வேண்டும். பள்ளம் இருந்தால்தானே தண்ணீர் ஓடும்? உங்கள் ஊரில் 20 டிகிரி பகல் வெப்பத்தைச் சேமித்து 5 டிகிரி இரவில் பயன்படுத்தினாலும், கார்னோ வரம்பு (வெப்பத்தில் அதிகபட்சம் எத்தனை பங்கை வேலையாக மாற்றலாம் என்ற இயற்கை எல்லை) சுமார் 5 சதவீதம்தான். நடைமுறையில் அதிலும் குறையும். தெளிந்த இரவு வானத்தையே குளிர்ப்பக்கமாக்கி 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மின்சாரம் எடுத்தார்கள்: சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். அழகான ஆய்வு, ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு எரிந்தது. (வெயில் கடலை ஆவியாக்கி மலைமேல் மழையாகக் கொட்டுவதும், வெப்பத்தை வேலையாக மாற்றும் ஒரு வெப்ப எந்திரம்தான். பைக்காரா நீர்மின் நிலையம் 1932 முதல் அதைத்தான் அறுவடை செய்கிறது.)

கீசர்தான் கட்டணத்தை ஏற்றுகிறது என்கிறீர்களே, அதற்கு வெப்பப் பம்பு வகை வாட்டர் ஹீட்டரைப் பாருங்கள். 1 யூனிட் மின்சாரம் செலவழித்து, காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து, 2 முதல் 3 யூனிட் வெப்பத்தைத் தண்ணீரில் சேர்க்கும். உறைபனி மாதங்களில் திறன் குறையும். காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் சுருளில் படியும் பனியைத் தானே உருக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த விற்பனையாளர் மறுபடி வந்தால், மின் இணைப்பும் பேட்டரியும் இல்லாமல் ஒரு வாரம் உங்கள் கீசரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.