முதலாம் எலிசபெத்துக்கு எதிரான சதிகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட புராட்டஸ்டன்ட் அரசி முதலாம் எலிசபெத்தைக் கவிழ்க்க நடந்த முயற்சிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எலிசபெத்தை அகற்றுவதில் கத்தோலிக்கர்களுக்கு ஏன் இத்தனை தீவிரம்? மதம் மட்டும்தான் காரணமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "கத்தோலிக்கர்கள்" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல வேண்டாம். இங்கிலாந்துக் கத்தோலிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சதியிலும் கால் வைக்கவில்லை. சதி செய்தவர்கள் ஒரு சிறு கூட்டம். வெளிநாட்டில் அவர்களைத் தூண்டியவர்கள் இன்னொரு கூட்டம்.

மதத்தோடு வாரிசுரிமையும் பின்னிக் கிடந்தது. எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றி தன் முதல் மனைவி கேத்தரினை விலக்கியதை ரோமிலிருந்த போப் ஏற்கவில்லை. ஆகவே இரண்டாம் மனைவி ஆன் பொலினுக்குப் பிறந்த எலிசபெத், கத்தோலிக்கர் கணக்கில் முறையான வாரிசே அல்ல. அடுத்த உரிமை ஹென்றியின் அக்காள் மார்கரெட்டின் பேத்தியான ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு. அந்த மேரி பட்டத்தை இழந்து, 1568-இல் தானாகவே எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் அடைக்கலம் தேடி வந்தார். எலிசபெத்துக்கு அது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டது போலாயிற்று. வெளியே விட்டால் பிரான்சின் அல்லது ஸ்பெயினின் படையோடு திரும்பி வரலாம். உள்ளே வைத்தால் உள்ளூர் அதிருப்தியாளர்கள் எல்லோரும் அவரையே நோக்குவார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் காவலில் வைத்தார்கள், நோக்கவும் செய்தார்கள்.

கேள்வி: 1570-இல் போப் விடுத்த ஆணை உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

என் கணிப்பில் இந்தக் கதை முழுவதற்கும் அதுதான் திருப்புமுனை. 1569 நவம்பரில் வடக்கே நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து பகுதிகளின் கத்தோலிக்கப் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். டர்ஹம் பேராலயத்துக்குள் நுழைந்து ஆங்கில வேதாகமத்தைக் கிழித்தெறிந்து, பழைய முறைப்படி பூசை நடத்தினார்கள். சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான எளிய மக்கள் தூக்கில் தொங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான், 1570 பிப்ரவரியில், போப் ஐந்தாம் பயஸின் ஆணை வந்தது. எலிசபெத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார், குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை, கீழ்ப்படிகிறவர்களும் விலக்கப்படுவார்கள். கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவ நினைத்திருந்தால் அது வந்த நேரம் தவறு. விசுவாசமான குடிமக்களைக் காக்க நினைத்திருந்தால் வந்திருக்கவே கூடாது. ஜான் ஃபெல்டன் என்பவர் அதன் பிரதியை லண்டன் ஆயர் மாளிகைக் கதவில் அறைந்தார். அந்த ஆகஸ்டிலேயே அவருக்கு மரண தண்டனை.

அன்றுவரை ஒருவர் கத்தோலிக்கராகவும் அரசிக்கு உண்மையானவராகவும் வாழ இடமிருந்தது. ஆணைக்குப் பின் ஒவ்வொரு கத்தோலிக்கரையும் அரசு சந்தேகத்தோடு பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. 1580-இல் பதின்மூன்றாம் கிரகோரி, நிலைமை மாறும்வரை அரசிக்குக் கீழ்ப்படியலாம் என்று தளர்த்தினார். "நிலைமை மாறும்வரை" என்பதே சந்தேகத்தை இன்னும் கூட்டியது. ரோம் தன் சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்த பெருந்தீங்கு என்றே இதை நான் பார்க்கிறேன்.

கேள்வி: மொத்தம் எத்தனை சதிகள்?

எண்ணிக்கை, எதைச் சதி என்று ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெயர் பெற்றவை மூன்று; மூன்றும் மேரியை அரியணையில் அமர்த்த நடந்தவை. 1571-இல் ஃபிளாரன்ஸ் நகர வங்கியாளர் ரிடோல்ஃபியின் திட்டம். அதில் சிக்கிய நார்ஃபோக் கோமகன் மறு ஆண்டு தலையிழந்தார். 1583-இல் த்ராக்மார்ட்டன் சதி. அதில் பங்கு கொண்டதால் ஸ்பெயின் தூதர் மெண்டோசா நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1586-இல் பாபிங்டன் சதி.

கேள்வி: பாபிங்டன் சதியை அமைச்சர் வால்சிங்ஹாமே ஜோடித்தார் என்று படித்தேன். மேரி அப்பாவியா?

அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். விவரமாகச் சொல்கிறேன்.

மேரி அப்போது சார்ட்லி என்ற மாளிகையில், ஏமியஸ் பாலெட் என்பவரின் கடுங்காவலில் இருந்தார். கடிதப் போக்குவரத்து அறவே நின்றிருந்தது. கில்பர்ட் கிஃபர்ட் என்ற கத்தோலிக்க இளைஞரை வால்சிங்ஹாம் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். மாளிகைக்கு பீர் கொண்டுவரும் பீப்பாயில், நீர் புகாத உறையில் கடிதத்தை வைத்து அனுப்பும் வழி உருவாயிற்று. மேரி அதை நம்பினார். ஒவ்வொரு கடிதமும் முதலில் தாமஸ் ஃபெலிப்பிஸிடம் போனது. அவர் சங்கேத எழுத்தை உடைத்துப் படியெடுத்தார். ஆர்தர் கிரிகரி என்பவர் முத்திரையை மறுபடி பழுதில்லாமல் ஒட்டினார். அதன் பிறகே கடிதம் உரியவரிடம் சேர்ந்தது.

ஜூலை மாதம் ஆண்டனி பாபிங்டன் மேரிக்கு எழுதினார்: வெளிநாட்டுப் படை இறங்கும், மேரியை மீட்பார்கள், ஆறு கனவான்கள் எலிசபெத்தைக் கொல்வார்கள். ஜூலை 17 அன்று மேரி பதில் அனுப்பினார். கொல் என்று நேராக எழுதவில்லை. ஆனால் அந்த ஆறு பேர் எப்படிச் செயல்படுவார்கள், அதே சமயம் தான் எப்படி மீட்கப்படுவேன் என்றெல்லாம் கேட்டிருந்தார். ஃபெலிப்பிஸ் தன் பிரதியின் மேல் ஒரு தூக்குமரத்தை வரைந்து வால்சிங்ஹாமுக்கு அனுப்பினார். கூடவே, ஆறு பேரின் பெயர்களைக் கேட்கும் ஒரு பின்குறிப்பை அவரே பொய்யாகச் சேர்த்தார்.

ஆக, கடிதம் போன பாதை அரசு போட்டது. பின்குறிப்பு போலி. கொல்லும் எண்ணமோ சதிகாரர்களுடையதே. மேரியின் சம்மதமும் அவருடையதே. பதினெட்டு ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த ஒரு பெண் அப்படிச் சம்மதித்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அப்பாவி என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: எலிசபெத் மனமில்லாமல்தான் மேரியின் மரண தண்டனையில் கையெழுத்திட்டாரா?

கையெழுத்திட்டது 1587 பிப்ரவரி 1. அவருக்குத் தெரிவிக்காமலே மந்திராலோசனைக் குழு உத்தரவை அனுப்பிவிட்டது. ஃபாதரிங்கே கோட்டையில் 8-ஆம் தேதி தண்டனை நிறைவேறியது. அதற்கு முன்பே, மேரியை ஓசையின்றித் தீர்த்துவிட முடியாதா என்று பாலெட்டிடம் கேட்கச் சொன்னவர் எலிசபெத். பாலெட் தன் மனசாட்சிக்கு விரோதம் என்று மறுத்துவிட்டார். மேரி சாக வேண்டும், ஆனால் அபிஷேகம் பெற்ற அரசியைக் கொன்ற பழி தன் மேல் விழக் கூடாது: இதுவே அவர் விருப்பம் என்பேன். பழி அரசியின் செயலர் டேவிசன் தலையில் விழுந்தது. அவர் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்.

கேள்வி: நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். சாதாரண மக்கள் என்ன பாடு பட்டார்கள் என்று யாரும் எழுதுவதில்லையே?

நியாயமான வருத்தம், அம்மா. அரசு ஆலயத்துக்குப் போகாதவர்களுக்கு முதலில் அபராதம் ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஷில்லிங். 1581-இல் அது மாதம் 20 பவுண்டாக (ஒரு பவுண்டு 20 ஷில்லிங்) ஏறியது. செல்வந்தர்களே தாங்க முடியாத தொகை. 1585 சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் நாட்டுக்குள் இருப்பதே ராஜதுரோகம். அவருக்கு இடம் கொடுத்தவருக்கும் மரணம். யார்க் நகரத்துக் கசாப்புக்கடைக்காரரின் மனைவி மார்கரெட் கிளித்ரோ குருக்களை ஒளித்து வைத்தார் என்று பிடிபட்டார். வழக்கு நடந்தால் தன் பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுப்பார்கள் என்று, குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ மாட்டேன் என நின்றார். 1586 மார்ச் 25 அன்று, அவர் மேல் ஒரு கதவைக் கிடத்திப் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

அந்த நாட்களின் பதுங்குமறைவுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. வொர்ஸ்டர்ஷயரின் ஹார்விங்டன் மாளிகையில், சுவரோடு சுவராக நிற்கும் ஒரு மரத்தூண் சுழன்று விலகும். அதன் பின்னால் ஓர் ஆள் மட்டும் நுழையும் இடைவெளி.

ஆனால் புராட்டஸ்டன்ட்களின் பயத்தையும் நினைத்துப் பாருங்கள். எலிசபெத்துக்கு முன் ஆண்ட அவரது கத்தோலிக்க அக்காள் முதலாம் மேரி ஆட்சியில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டன்ட்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். 1572-இல் பாரிஸில் புராட்டஸ்டன்ட்கள் படுகொலையானபோது அங்கே தூதராக இருந்தவர் வால்சிங்ஹாம். 1584-இல் டச்சுப் புராட்டஸ்டன்ட் தலைவர் வில்லியம் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார். அடுத்தது எலிசபெத் என்று அவர்கள் அஞ்சியது வீண் கற்பனை அல்ல.

கேள்வி: 1588-இல் ஸ்பெயினின் படையெடுப்புக் கடற்படையான அர்மடா வந்தபோது உள்நாட்டுக் கத்தோலிக்கர்கள் எழுந்தார்களா?

இல்லை. சுமார் 130 கப்பல்கள் வந்தன. ரோமிலிருந்து கார்டினல் வில்லியம் ஆலன் அரசியை எதிர்க்கச் சொல்லி அறைகூவல் விடுத்தார். இங்கே யாரும் எழவில்லை. இந்த ஓர் உண்மையே சட்டங்களைத் தளர்த்தப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். தளர்த்தவில்லை. அந்த ஆண்டே பல குருக்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

கேள்வி: இந்தச் சண்டை நம் பக்கம் வரை எட்டியதா?

எட்டியது. 1580 முதல் ஸ்பெயினின் இரண்டாம் ஃபிலிப்பே போர்ச்சுகலுக்கும் அரசர். ஆகவே கோவாவிலும் நாகப்பட்டினத்திலும் கொழும்பிலும் இருந்த போர்ச்சுகீசியர் எலிசபெத்துக்கு எதிரி நாட்டார். 1592-இல் கீழ்த்திசைச் சரக்கோடு திரும்பிய 'மாத்ரே தே தேயுஸ்' என்ற பெருங்கப்பலை ஆங்கிலேயர் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகில் பிடித்தார்கள். அந்த மிளகையும் பட்டுத்துணியையும் கண்ணால் பார்த்தவர்களின் ஆசை பெருகியது. 1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தவரும் எலிசபெத்தே.

கேள்வி: மேரி இறந்த பின் சதிகள் நின்றனவா?

குறைந்தன. எலிசபெத்தைக் கொன்றால் அரியணையில் அமர்த்த ஏற்ற கத்தோலிக்க வாரிசு இல்லை. மேரியின் மகன் ஜேம்ஸ் புராட்டஸ்டன்ட்டாக வளர்க்கப்பட்டவர். 1594-இல் அரச மருத்துவர் லோபஸ் நஞ்சு வைக்கத் திட்டமிட்டார் என்று தூக்கிலிடப்பட்டார். அந்தக் குற்றச்சாட்டை நான் நம்பவில்லை. 1603-இல் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தபோது நிவாரணம் கிடைக்கும் என்று கத்தோலிக்கர்கள் எதிர்பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 1605-இல் பாராளுமன்றத்தின் அடியில் வெடிமருந்து வைக்கத் திட்டமிட்ட ராபர்ட் கேட்ஸ்பியின் தந்தை, இயேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியனுக்கு இடம் கொடுத்தார் என்ற வழக்கில் 1581-இல் சிறைக்குப் போனவர்.