கொலன்னாவை வெள்ளத்துக்கு வாக்கிடோக்கி வாங்கலாமா?

கொழும்புக்குப் பக்கத்துக் கொலன்னாவையில் நிவாரண வேலைக்கு இறங்கும் உங்கள் குழுவுக்கு இணையத்தில் பத்து வாக்கிடோக்கி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம் சகோதரம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாவிட்டால் சுங்கத்திலேயே மாட்டும். தவிர, மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஐந்து வாட் கருவி ஒன்றிரண்டு கிலோமீற்றர் எட்டினாலே பெரிய விஷயம்.

2016 மே வெள்ளத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது எஸ்எம்எஸ்தான். போன் கோபுரத்தின் பற்றரி இறங்கும்வரை, அழைப்பு எடுபடாத நேரத்திலும் அது மெல்லப் போய்ச் சேரும். படகிலிருந்து வரும் வீட்டு இலக்கங்களை ஒருவர் மேல்மாடியில் இருந்து கொப்பியில் எழுதினார். மழையில் பேனை மை கரைய, பென்சிலுக்கு மாறினோம்!

வானொலி கட்டாயம் வேண்டுமென்றால், 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக்குறி உள்ள அமெச்சூர் வானொலிக்காரர் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்பவர்) ஒருவரைச் சேருங்கள். 2004 சுனாமியில் தெற்கிலிருந்து செய்தி கொண்டுவந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. அப்புறம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.